பிளாட்டரை மாற்றிவிட்டேன், மக்கா

இன்று காலை நம் அலுவலகச் சுவரில் ஓர் ஆள் நீளத்துக்குக் கிளிப்பச்சை தெரிந்தது. நீ ஆசைப்பட்டு அடித்த அதே பச்சை. நீ போன அடுத்த வருடம் சுவர் முழுக்க நான் சந்தன நிறம் அடித்துவிட்டேன், அது உனக்குத் தெரியாது. அப்போது பெயின்டர், "அக்கா, இந்த மெஷினக் கொஞ்சம் நீக்கித் தந்தா பொறத்தால உள்ளதையும் அடிச்சிரலாம்" என்றார். இடம் நகர்த்தினால் பிறகு ஓடாது என்று எனக்குப் பயம். "அதத் தொடாண்டாம், சுத்தி அடிங்க" என்றேன். அவரும் சுற்றி அடித்துவிட்டுப் போனார். இன்றைக்கு மெஷினை எடுத்துக்கொண்டு போன பிறகு அந்தப் பச்சை மட்டும் சுவரில் நின்று என்னைப் பார்த்தது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அந்நாளில் நான் முகம் சுளித்ததற்கு, "தூங்குமூஞ்சிக் கலர்ல ஆபீசு இருந்தா எவன் வீடு கெட்ட வருவான்?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. தனியாக நின்று சிரித்தேன்.

ஆமாம், நம் பிளான் பிரிண்ட் மெஷினை, அந்தப் பழைய பிளாட்டரைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், "எப்ப மாத்தப் போற, அதச் சொல்லு" என்று நீ நடுவில் புகுந்துவிடுவாய்.

இதை எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பஸ்தான். பாலிடெக்னிக் முடித்த கையோடு நாம் இரண்டு பேரும் இஞ்சினியர் சார் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தோம். பதினோரு வருடம். வீட்டு பிளான் வரைவது நாம். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கத் தக்கலையில் அப்போது இடம் கிடையாது. ஒரு ஜன்னல் அரை அடி நகர்ந்தாலும் நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டும். திரும்பி வரும்போது வில்லுக்குறி தாண்டினால் மழை பிடித்துக்கொள்ளும். பஸ் ஷட்டர் இறங்காது. உன் துப்பட்டாவைக் கழற்றிச் சுருளுக்குச் சுற்றிவிட்டு நீ நனைந்துகொண்டு வருவாய். ஆபீசில் சார் சுருளை வாங்கி முதலில் தாள் நனைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வருகிறவர்களிடம் நம்மைக் காட்டி, "நம்ம டிராயிங் பிள்ளைகள்" என்பார். நமக்கு முப்பது தாண்டி இருந்தது. உன் மூத்த மகள் அப்போது நாலாம் வகுப்பு. ஒரு நாள் அப்படி அவர் சொன்ன பிறகு, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ கேட்டாய்:

"ஏட்டி, வரையது நாம, பிரிண்டுக்கு அலையது நாம. கையெழுத்து மட்டும்தான் அவருக்க. அதுக்கு வேற இஞ்சினியர் கெடைக்க மாட்டாரா?"

"ஆபீசு போடணும்னா மெஷினு வேணும்லா" என்றேன், பேச்சை அதோடு முடிக்கத்தான்.

"அப்பம் மெஷினு வாங்குவோம்" என்றாய். ஒரு கிலோ சாளை மீன் வாங்குவோம் என்று சொல்கிற குரலில்.

மூன்று மாதத்தில் மார்த்தாண்டத்தில் ஓர் இஞ்சினியரைப் பிடித்தாய். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பிளாட்டரையும் பிடித்தாய். சார் ஆபீசுக்கு நேர் எதிரே மாடியில் ஓர் அறையையும் பிடித்தாய். எதிரிலேயே வேண்டுமா என்று நான் தயங்கினேன். "அவரைத் தேடி வாறவன் திரும்பி நின்னா நம்ம போர்டுதான் தெரியணும், கேட்டியா?" என்றாய்.

அந்த மெஷின் வந்த நாள். வேனில் வந்தவர்கள் அதைக் கீழே இறக்கி வைத்தார்கள். காலும் உடம்புமாக ஒரு கன்றுக்குட்டி நிற்பது போல ரோட்டோரம் நின்றது. சுமட்டுக்காரர்கள் மூன்று பேர் மாடிப்படி ஏறி, நடுவில் இருக்கிற வளைவைப் பார்த்து, இறங்கி வந்து, "கேறாது" என்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே சார் ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பேர் ஏற்கெனவே எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நீ கொஞ்சமும் பதறவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் இருக்கிற உன் பெரிய அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு, டீ வாங்கிக் குடித்தாய்.

ஒன்றேகால் மணி நேரத்தில் உன் அண்ணன்மார் மூன்று பேரும் மீன்வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியில் வள்ளத்துக் கயிறு, மூங்கில், சாக்கு. இரண்டு பேர் மாடிக்குப் போனார்கள். பெரியவர் கீழே நின்று மெஷினைச் சாக்கில் பொதிந்து கட்டினார். "ஏலே, பைய... வலி! இன்னும் வலி!" என்று கயிற்றை இழுக்கச் சொல்லி அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். குலசேகரம் பஸ் நகர முடியாமல் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, என்ன மீனு?" என்று கேட்டார். "திமிங்கலம்!" என்றார் உன் அண்ணன். மெஷின் அந்தரத்தில் ஆடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு வேளாங்கண்ணி மாதாவையும் குமாரகோவில் முருகனையும் மாறி மாறிக் கூப்பிடுகிறேன். நீயோ நடுரோட்டில் இடுப்பில் கைவைத்து நின்று, "வீட்டு பிளான் போடுத மெஷினாக்கும்! பாத்து வலிங்க!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துகிறாய். பால்கனியைத் தொட்டதும் கைதட்டினார்கள். சார் கையில் டீ கிளாசோடு வராந்தாவில் நின்றிருந்தார். டீயில் ஆடை கட்டியிருக்கும்.

அன்று மாலையே முதல் ஆள் வந்துவிட்டார். கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர். மேக்கோட்டில் அவருக்கு ஆறு சென்ட் நிலம் இருந்தது.

மெஷினுக்கு 'சார்' என்று பெயர் வைத்ததும் நீதான். பிரிண்ட் கொடுத்தால் உடனே வராது. உள்ளுக்குள் கர்... கர்... என்று இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டுவிட்டுத்தான் தாளை இழுக்கும். "பாரு, தொண்டையக் கனைக்காரு. இனிதான் பேசுவாரு" என்றாய். அதிலிருந்து, சாருக்கு இன்னைக்கு மனசில்ல, சார் பேப்பரச் சவைச்சிட்டாரு, சாருக்கு மை தீந்துபோச்சு என்றே பேசிக்கொண்டோம். ஒரு நாள் எதிர் ஆபீசிலிருந்து நிஜமான சாரே ஒரு அவசர பிரிண்டுக்கு ஏறி வந்தார். "சார் ஒரு மணிக்கூரா மொரண்டு பிடிக்காரு, பின்னால நல்லா ஒரு தட்டு தட்டினாத்தான் சரியாவாரு" என்று உள்ளேயிருந்து நீ உரக்கச் சொன்னாய். வெளியே வந்து அவரைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

நம் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இந்த மெஷினுக்காகத்தான். ஆறு வருடம் ஆனதும் புது மாடலின் படம் போட்ட தாள் ஒன்றை என் மேஜையில் வைத்தாய். வேகமாக வரும், பழைய பத்திரத்தையும் ஸ்கேன் பண்ணும், நம்முடையதைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்கள் என்றாய்.

"இதுதான் ஓடுகுல்லா" என்றேன்.

"ஓடுகுன்னு சொல்லுத. எப்பிடி ஓடுகுன்னு சொல்ல மாட்டேங்க."

"புதுசு வாங்கி அது பணிமுடக்கினா?"

"உனக்கு எல்லாத்துக்கும் பயம், மக்கா. பதினோரு வருசமும் நீ என்னைக் காட்டியும் நல்லா வரைஞ்ச. ஆனா நான் இழுத்திட்டு வரலன்னா இப்பவும் அந்த பஸ்ஸுலதான் இருப்ப."

உண்மையாக இருந்ததால் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. நான்கு நாள் பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு மார்த்தாண்டம் இஞ்சினியருக்குப் போன் போட்டு, அவர் மூலமாக ஒருவருக்கொருவர் தகவல் சொன்னோம். ஐந்தாம் நாள் அவரே, "ரெண்டு பேரும் மிண்டித் தொலைங்கட்டி, எனக்கு வேற வேலை கெடக்கு" என்று போனை வைத்துவிட்டார். அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தோம்.

அதற்கு அடுத்த மாதம்தான் செலின் வீட்டு அடுக்களை. செலின் உன் ஊர்க்காரி. மாப்பிள்ளை மஸ்கட்டில். பழைய வீட்டோடு பின்பக்கம் ஓர் அடுக்களை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். நாம் ஜன்னலை எப்போதும் இளநீலக் கோட்டில்தான் வரைவோம். அன்றைக்கு நம் சாருக்கு நீல மை மட்டும் இறங்கவில்லை. சுவர் வந்தது, கதவு வந்தது, அளவு எல்லாம் வந்தது. ஜன்னல் மட்டும் வரவில்லை. தாளைச் சுருட்டிக் கொடுத்தது நான். விரித்துப் பார்க்காமல் கொடுத்தது நான். கொத்தனார் தாளில் உள்ளபடியே நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டார். செலின் அரிசி களைய இடம் பார்க்கப் போய் நின்று, "வெளிச்சம் எங்க?" என்று கேட்ட பிறகுதான் நமக்குப் போன் வந்தது.

நான் நடுங்கிப்போனேன். மெஷின் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா, கொத்தனார் விட்டுவிட்டார் என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "வா" என்றாய். பஸ்ஸில் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. உச்சி வெயிலில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று செலினிடம் சொன்னாய்: "பிளான்ல ஜன்னல் வரல்ல. பாக்காமக் குடுத்தது தப்பு. கொத்தனாரு மேல ஒண்ணும் இல்ல. இப்பமே ஒடைச்சு வச்சிட்டுத்தான் போவேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். யார் பார்க்காமல் கொடுத்தது என்று செலின் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

அதோடு விடவில்லை. எப்படியும் உடைக்கத்தானே போகிறோம், எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்று செலினை அடுப்பு வரப்போகிற இடத்தில் நிற்க வைத்தாய். அவள் பார்த்தாள். நாம் வரைந்திருந்த இடத்தில் ஜன்னல் வந்திருந்தால் பக்கத்து வீட்டு மதில்தான் தெரிந்திருக்கும். இரண்டடி தள்ளிக் கொஞ்சம் அகலமாக வைத்ததில், ஆறு கடலில் சேர்கிற இடம் தெரிந்தது. கொத்தனார் உடைத்துக்கொண்டிருக்கும்போதே செலின் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். அந்தத் துளை வழியாகவே நீட்டினாள். நீ சிரித்துக்கொண்டே வாங்கினாய். நான்தான் அழுதேன்.

அப்போதும் மெஷினை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. நீல மையைப் பீய்ச்சுகிற ஹெட்டை மட்டும் மாற்றினோம். நீயும் அதற்குமேல் என்னிடம் மல்லுக்கட்டவில்லை.

பிறகு உனக்கு நோய் வந்தது. அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீயே அதைப் பற்றிப் பேச விடமாட்டாயே. கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்த அன்று நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

"சார் எப்பிடி இருக்காரு?"

"சுகமா இருக்காரு" என்றேன்.

"அவரை அனுப்பிரு, மக்கா. நான் போன பொறவு, எனக்க ஞாபகமா வச்சிருக்கேன்னு எவகிட்டயாவது சொன்னியோ, அங்கேருந்து எறங்கி வந்து மண்டையில கொட்டுவேன்."

நான் சிரித்தேன். வாக்குக் கொடுக்கவில்லை. பிறகு மூன்று வருடம் சரியாக அதைத்தான் செய்தேன். புது மெஷின் விற்கிற ஏஜென்சிக்காரர்கள் போன் செய்யும்போதெல்லாம், "அது எனக்க கூட்டுக்காரி வாங்கினது, குடுக்க மனசில்ல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். அவர்களும் மரியாதையாக வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் என் கை தானாக மண்டையைத் தடவிக்கொள்ளும். உண்மை என்ன என்று உனக்குத் தெரியும். எனக்குப் புது மெஷினைக் கண்டு பயம். தனியாக ஒரு முடிவெடுக்கப் பயம். அதற்கு உன் பேரைப் போர்த்திக்கொண்டேன்.

போன மாதம் செலின் வந்தாள். மாப்பிள்ளை ஊருக்கே திரும்பி வந்துவிட்டாராம், மேலே இரண்டு அறை எடுக்க வேண்டுமாம். பிளான் பிரிண்ட் எடுத்தேன். சார் கனைத்தார், கனைத்தார், கால் மணி நேரம் கனைத்தார். வந்த தாளைச் செலின் வாங்கி, விரலால் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஜன்னலு உண்டும்லா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"இதை மாத்தப்பிடாதா அக்கா? அந்த அக்கா இருந்திருந்தா எப்பவோ மாத்தியிருப்பாவ."

நான் வழக்கமான குரலை எடுத்தேன். "அவளுக்க ஞாபகமா..."

"ஞாபகமா?" என்றாள் செலின். "அவியளுக்க ஞாபகம் எனக்க அடுக்களை ஜன்னல்ல இருக்கு. தெனமும் அதுவழியாத்தான் வள்ளம் வாறத பாக்கேன். இந்தப் பெட்டியில என்ன இருக்கு?"

அவள் போன பிறகு ஏஜென்சிக்கு நானே போன் செய்தேன். எனக்கு நானே யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. அது உன் வழி.

இன்று காலை புது மெஷினோடு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் பாறசாலைக்காரர். பழையது ஓடுகிறதா என்று பார்க்க அதில் ஒரு பிரிண்ட் எடுக்கச் சொன்னார். சார் நல்லபடியாகவே நடந்துகொண்டார், நீலம் மட்டும் மறுபடியும் இல்லை. "ஒரு கலரு போச்சே சேச்சி" என்றார் அவர். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். நான் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, கயிறு கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன்.

"கயிறா? எதுக்கு?"

"படியில எறங்காது. வளைவு இருக்கு. ஏத்தும்போ கயிறு கெட்டித்தான் ஏத்தினது."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். எட்டே எட்டு திருகாணி. ஐந்து நிமிடத்தில் காலும் குறுக்குக் கம்பியும் தனியாக வந்துவிட்டன. உடம்பை இரண்டு பேரும் தூக்கி நிமிர்த்தி, வளைவில் ஒரு தடவை திருப்பி, சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் கீழே கொண்டுபோய்விட்டார்கள். நான் பால்கனியில் வாயைப் பிளந்து நின்றேன்.

உடனே உன் பெரிய அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, அன்னைக்கு சும்மா சீரழிஞ்சோமே, அதுக்க காலு கழறுமாம்!"

மறுபக்கம் ஒரே சிரிப்பு. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"மக்கா, அது அவளுக்குத் தெரியாதுன்னா இத்தன வருசமும் நினைச்சிட்டு இருந்த? அன்னைக்குப் போன்ல எனக்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணா, ஸ்குரூ கழத்தினா ரெண்டு பேரு சுமந்திட்டுப் போயிருவாவ, ஒருத்தனும் பாக்க மாட்டான். தக்கல முழுக்கப் பாக்கணும், கயிறோட வா'ன்னா."

"எனக்கிட்ட சொல்லவே இல்லியே!"

"உனக்கிட்ட சொல்லப்பிடாதுன்னா. நீ பயந்து நின்னாத்தான் நாலு பேரு நிஜம்னு நம்புவாவளாம்."

ஏட்டி, கள்ளி! நான் அன்றைக்கு இரண்டு மதத்துச் சாமிகளையும் கூப்பிட்டேனே! அந்த மேக்கோட்டு ஆறு சென்ட்டுக்காரர், அவர் சொல்லி வந்த அவர் மச்சான், மச்சான் சொல்லி வந்த ஸ்கூல் வாத்தியார் என்று நம் முதல் வருடம் முழுக்க ஓடியது அந்தக் கயிற்றில்தான். வெளியே சொல்ல ஆள் இல்லாமல், எதிர் ஆபீசுக்கே போய்ச் சாரிடம் சொன்னேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டி வந்தது. விஷயம் புரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார். "நானும் அன்னைக்குப் பயந்து பேடிச்சுத்தான் நின்னேன் பிள்ளே, அவ கொள்ளாம், கெட்டிக்காரிதான்" என்றார்.

புது மெஷின் கனைப்பதில்லை. கொடுத்தால் உடனே தாள் வந்து நிற்கிறது. சத்தத்துக்காகக் காத்து நின்று முதல் பிரிண்டைக் கவனிக்காமலேயே விட்டேன். இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

மத்தியானம் செலின் வீட்டு மாடியை அதில் எடுத்துப் பார்த்தேன். அதில் குறை ஒன்றுமில்லை. அடுத்து, இரணியலில் வேலை நடக்கிற ஒரு வீட்டு பிளானை, சும்மா கோடுகளின் துல்லியம் பார்க்கலாம் என்று எடுத்தேன். பழைய மெஷினில் மங்கலாகத் தெரிந்த இடம் இதில் பளிச்சென்று தெரிந்தது. மேல் தட்டுக்கும் படிக்கும் நடுவில் உயரம் போதாது, ஏறுகிறவர் தலை இடிக்கும். வரைந்தது நான்தான், மெஷின் இல்லை. மூன்று மாதம் முன்பே கையெழுத்தாகிப் போன பிளான். நாளைக் காலையில் அங்கே படிக்கு கான்கிரீட்.

அரை நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முன்பென்றால் அரை நாள் உட்கார்ந்திருப்பேன். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டேன். "கொத்தனாரே, படி வேலைய நிறுத்துங்க. அளவு தப்பிப்போச்சு, தப்பு எங்களுக்க. உங்க மேல ஒண்ணுமில்ல, வீட்டுக்காரங்ககிட்ட நாங்களே வந்து சொல்லுதோம். இப்பமே வாறோம்."

"சரி அக்கா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எத்தன பேரு வாறிய? அங்க நீங்க ஒரு ஆளுதானே?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுதான்" என்றேன். "நாங்க, நாங்கன்னே பேசிப் பழகிப்போச்சு."

புதுத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. இப்போது இரணியல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். ரோடு மோசம், எழுத்து கோணுகிறது. அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.